13 வயதில் பெரியபிள்ளை, 18 வயதில் சின்னப்பிள்ளையா?

கேள்வி:

எனக்கு 18 வயது. பிறந்து வளர்ந்தது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். 16 வயதில் ஒரு தம்பி இருக்கிறான். எட்டு வயதில் இருந்து வீட்டுக்கு வருகிற கடிதம், பாங்க், டொக்டர், காப்புறுதி எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். எனக்கு 13 வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. டொக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னது நான்தான், அதிலும் பாதியைத்தான் சொன்னேன். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஒரு தமிழ் நர்ஸ் முழுவதையும் சொல்லிவிட்டார். அம்மா இப்போது சுகமாக இருக்கிறார், ஆனால் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது ஒட்டாவாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அம்மா, "நீ சின்னப்பிள்ளை, தனிய இருக்க உனக்கு என்ன தெரியும், இங்கேயே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் ஏதாவது படி" என்கிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. வேலையில் அவருக்கு முதுகில் அடிபட்டு ஒரு கேஸ் நடக்கிறது, மார்ச்சில் வந்த கடிதம் கூட இன்னும் மேசையில் கிடக்கிறது. ஸ்கொலர்ஷிப்புக்கு "நீங்கள் யார்" என்று 500 சொற்களில் எழுதச் சொன்னார்கள், ஒரு வரி கூட வரவில்லை. வீட்டில் கோபம் வந்தால் நான் வெள்ளைக்காரி, பள்ளிக்கூடத்தில் தமிழ், யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்குப் போனால் கனடாக்காரி. நான் யார்? போனால் சுயநலக்காரியா? தமிழில் பதில் எழுதுங்கள், அம்மாவும் வாசிக்க வேண்டும்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சுருக்கி, உங்களை யாரும் அடையாளம் காணாதபடி சிலதை மாற்றி மேலே போட்டிருக்கிறேன். ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை அம்மாவுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம், விளக்கம் சொல்லவும் வேண்டாம். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஒரு நடை போய் வாருங்கள். அவருக்கென்று எழுதியதும் இதில் இருக்கிறது.

நேரான கேள்விக்கு முதலில் நேரான பதில். போனால் சுயநலக்காரியா? இல்லை. போகலாமா? போகலாம், என்னைக் கேட்டால் போங்கள் என்றுதான் சொல்வேன். "நான் யார்" என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் சாமத்திய வீடு பற்றி ஒரு பந்தி இருந்தது. சுருக்கத்தில் அதை விட்டுவிட்டேன், ஆனால் வாசித்ததில் இருந்து எனக்குள் நிற்பது அதுதான். 12 வயதில் மண்டபம் எடுத்து, சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மாமி ஆலாத்தி எடுத்து, வீடியோக்காரர் முகத்துக்கு நேரே லைட்டைப் பிடித்து, வந்த சனம் எல்லாம் "பெரியபிள்ளையாகிவிட்டாய்" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனது. உங்களுக்கு அந்த நாள் பிடித்திருந்தது என்று கொஞ்சம் தயங்கித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஏதோ பிடித்திருக்கக் கூடாது என்கிற மாதிரி. பிடித்தால் பிடித்ததுதான், அதற்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. நான் யோசிப்பது அதற்குப் பிறகு நடந்ததை. அடுத்த வருஷமே அந்தப் பெரியபிள்ளையை ஆஸ்பத்திரி அறையில் அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் ஒரு கதிரையில் இருத்தி, ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் வரக்கூடிய மிகப் பாரமான செய்தியை அவள் வாயால் சொல்ல வைத்தார்கள். அதைத் தாங்கும் அளவுக்கு நீங்கள் பெரியவள். இன்னும் ஐந்து வருஷம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில் ஒரு அறை எடுத்து உடுப்புத் தோய்த்துச் சமைத்துப் படிக்கிறதற்கு நீங்கள் சின்னவள்.

இந்த இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே ஆட்கள், ஒரே பாசத்தோடு சொல்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குக் கோபப்படவும் முடியவில்லை.

அந்த ஆஸ்பத்திரி அறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருக்கிற விதத்தில், அம்மாவிடம் பாதியை மறைத்தது உங்கள் குற்றம் என்று ஐந்து வருஷமாக மனதில் வைத்திருப்பது தெரிகிறது. டொக்டர் திரையில் படத்தைக் காட்டிக் கதைத்தார், நீங்கள் அம்மாவின் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள், அம்மா உங்கள் முகத்தைப் பார்த்தார், டொக்டரின் முகத்தை அல்ல. நீங்கள் "ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரி" என்றீர்கள். அதற்குப் பிறகு டொக்டர் இன்னும் நிறையச் சொன்னார், நீங்கள் தலையாட்டினீர்கள்.

அந்த அறையில் நடந்திருக்க வேண்டியது வேறு. ஒன்ராறியோ மாகாணத்தில் 1996ஆம் ஆண்டின் சுகாதாரப் பராமரிப்பு ஒப்புதல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு நோயாளி சம்மதம் கொடுக்க வேண்டும், அந்தச் சம்மதம் என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று அறிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விளங்காத மொழியில் சொன்னதற்கு எப்படி அறிந்து சம்மதிப்பது? பெரிய ஆஸ்பத்திரிகளில் போன் வழியாகவாவது மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வழி உண்டு. அதைக் கேட்க உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அந்த அறையில் இருந்தவர்களும் கேட்கவில்லை. நல்ல ஆங்கிலம் பேசுகிற ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எதிரில் இருந்தால் பெரியவர்கள் எல்லாருக்கும் வேலை சுலபம். 13 வயதுப் பிள்ளை தன் தாயிடம் அதைச் சொல்ல முடியாமல் பாதியில் நின்றது இயல்பு. முழுவதையும் அப்படியே சொல்லியிருந்தால்தான் நான் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டிருப்பேன்.

அப்பாவை யோசித்துப் பாருங்கள். அவர் அகதியாக வந்து கோரிக்கை போட்டபோது குடிவரவு அகதிகள் சபையின் முன்னால் தன் கதையைச் சொல்லியிருப்பார். அங்கே அவருக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைச் சபையே தன் செலவில் ஏற்பாடு செய்திருக்கும். வளர்ந்த ஆள், அதற்கென்று தேர்வு பார்த்து எடுத்த ஆள், சம்பளம் வாங்குகிற ஆள். வேலை முடிந்ததும் எழும்பிப் போய்விடலாம், அன்றைக்குக் கேட்டது அவருடைய அப்பாவின் கதையோ அம்மாவின் கதையோ இல்லை. அப்பேர்ப்பட்ட வேலையைத்தான் உங்கள் வீடு எட்டு வயதில் உங்களிடம் தந்தது. யாரும் கொடுமை செய்யவில்லை. கடிதம் வந்தது, அப்பா இரவு வேலை முடிந்து நித்திரை, அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, நீங்கள் வாசித்துச் சொன்னீர்கள், எல்லாரும் "அவள் நல்ல கெட்டிக்காரி" என்றார்கள், உங்களுக்கும் பெருமையாக இருந்தது. அடுத்த கடிதமும் உங்களிடம் வந்தது.

குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோருக்காக மொழிபெயர்ப்பதைப் பற்றி 1990களில் இருந்து நிறைய ஆய்வு நடந்திருக்கிறது, பெரும்பாலும் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுகிற, சீன மொழி பேசுகிற குடும்பங்களை வைத்து. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விஷயம் உண்டு. அந்த வேலையே பிள்ளையைக் கெடுப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அதனால் தன்னம்பிக்கை வருகிறது, பெரியவர்களின் மனம் விளங்குகிறது, பெற்றோரோடு நெருக்கம் கூடுகிறது. அது பாரமாகத் தோன்றத் தொடங்கும்போதும், நோய், காசு, சட்டம் மாதிரி வயதுக்கு மீறிய விஷயங்கள் வரும்போதும்தான் பதற்றமும் மனச்சோர்வும் வருகின்றன. இரண்டு பக்கமும் உங்களிடம் இருக்கிறது. இதழியல் படிக்க ஏன் ஆசை என்று நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தால், பத்து வருஷமாக மற்றவர்கள் சொன்னதைப் பிசகாமல் இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பழக்கம் அதற்குள் இருப்பது தெரிகிறது. தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் வயிறு கலங்குகிறது, இரவு இரண்டு மணிக்கு எழும்பி எந்தப் பில்லாவது விடுபட்டதா என்று பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அதே பழக்கத்தில் இருந்துதான் வருகிறது.

இப்போது "நான் யார்".

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளவயதில் வருகிற அடையாள நெருக்கடி பற்றி உலகம் இன்று பேசுகிற பேச்சு பெரும்பாலும் அவரிடம் இருந்து வந்தது. 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். அம்மா யூதர், பெற்ற அப்பா யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. வெளுத்த தலைமுடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால் யூத ஆலயத்தில் மற்றப் பிள்ளைகள் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி செய்தார்கள். பிறகு 1933இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். வெள்ளைக்காரி, தமிழ், கனடாக்காரி என்று நீங்கள் எழுதியதை அவர் வாசித்திருந்தால் ஒரு விளக்கமும் தேவைப்பட்டிருக்காது. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, இளவயதில் ஒரு பிள்ளைக்குச் சமூகம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது. பெரியவர்களின் பொறுப்பு முழுதாகத் தலையில் ஏறுவதற்கு முன்னால், இதைச் செய்து பார்ப்பது, பிடிக்காவிட்டால் விடுவது, இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்து பார்ப்பது என்று கொஞ்சக் காலம். அவரே இளவயதில் ஓவியராக ஐரோப்பாவைச் சுற்றித் திரிந்தவர்.

உங்களுக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை, தங்கச்சி. குடியுரிமை விண்ணப்பம், வரிப் படிவம், பாங்க் படிவம், தம்பியின் பள்ளிக்கூடப் படிவம் எல்லாவற்றிலும் அப்பாவின் பிறந்த திகதியும் அம்மாவின் ஹெல்த் கார்ட் நம்பரும் பார்க்காமலே எழுதுகிற நீங்கள், உங்களைப் பற்றிக் கேட்ட ஒரே தாளின் முன்னால் எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தீர்கள். தமிழா கனடியனா என்று தெரியாததால் அந்தத் தாள் வெறுமையாக இருந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், யாரோடு இருந்தால் சிரிப்பு வருகிறது, எதற்குக் கோபம் வருகிறது, சனிக்கிழமை ஒரு வேலையும் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நீங்களே உங்களைக் கேட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. அந்தப் பதில்கள் இல்லாமல் தமிழ் என்றோ கனடியன் என்றோ எந்தப் பெயரைப் போட்டாலும் வெறுமையாகத்தான் இருக்கும்.

அந்த மூன்று பெயர்களையும் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கொக்குவிலில் உங்கள் தமிழைக் கேட்டுச் சிரித்த மச்சாள் உங்களைக் கனடாவில் இருந்து வந்தவள் என்று சொன்னது உண்மைதானே, அதில் நோவது சிரிப்பு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று சொல்வதும் உண்மைதான். வீட்டில் சொல்கிற "வெள்ளைக்காரி" மட்டும் வேறு மாதிரியானது, அது எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் விழாவில் நீங்கள் ஆடினீர்கள், அம்மா அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். ஒன்ராறியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் அங்கீகரித்த மாதம் அது. அதே ஜனவரியில், நண்பிகளோடு படம் பார்க்கப் போக ஏன் தம்பியை மட்டும் விடுகிறீர்கள் என்று கேட்டதற்கு வெள்ளைக்காரி ஆனீர்கள். நீங்கள் ஏன் என்று கேட்கிற நேரங்களில்தான் அந்தப் பெயர் வருகிறது. ஏன் என்று கேட்கிற பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் எப்போதும் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு பெயர்கள் வைத்தார்கள்.

இனி அம்மாவுக்கு.

அம்மா, உங்கள் மகள் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது உங்களுக்கு 18 வயது, ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள், பிறகு எழுதவே இல்லை என்று எழுதியிருக்கிறாள். அதை நீங்கள் சொல்லி அவளுக்குத் தெரியாது, பெரியம்மா சொல்லித் தெரியும். அந்த இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தவர்களோடு எனக்கு நிறையப் பழக்கம் உண்டு, அவர்கள் பெற்ற பிள்ளைகள்தான் இப்போது என்னிடம் வருகிறார்கள். 18 வயதில் வீட்டை விட்டுப் போவது என்றால் உங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். சாமான் கட்டவும் நேரம் இல்லை, எங்கே போகிறோம் தெரியாது, திரும்பி வரலாமா தெரியாது. பெண்பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறதுதான் பத்திரம் என்று அந்தக் காலம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது. மகள் போகப் போவது அப்படிப் போவதல்ல. கில்ட்வுட் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஐந்து மணித்தியாலத்துக்குள் ஒட்டாவா. தைப்பொங்கலுக்கு வருவாள், வரும்போது தோய்க்க வேண்டிய உடுப்பையும் கொண்டுவருவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அவளை விடப் பயமாக இருப்பதற்கு அவளுடைய பத்திரம் மட்டும் காரணமா, அல்லது அவள் போனால் வீட்டுக் காரியம் எப்படி நடக்கும் என்கிற பயமும் இருக்கிறதா? இரண்டாவது இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 20 வருஷமாகத் தமிழ்க் கடையில் சாமான் வாங்கி, தமிழ் டொக்டரிடம் போய், தமிழ் ஆட்களோடு வேலை செய்து, அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவருக்கு ஆங்கிலம் படிக்க எங்கே நேரம்? ஆனால் உங்களுக்கு 16 வயதில் ஒரு மகனும் இருக்கிறான், அவனும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். இன்றுவரை ஒரு கடிதம் கூட அவன் கையில் போனதில்லை. ஆம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று வீட்டில் யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். வரும், சொல்லிக்கொடுத்தால் வரும். அதற்காக எல்லாவற்றையும் தூக்கி அவன் தலையில் வைக்கச் சொல்லவில்லை, அவனும் பிள்ளைதான். கடையில் சாமான் திருப்பிக் கொடுப்பது, போன் பில் பார்ப்பது, இவ்வளவும் அவன் செய்யலாம். நோய், சட்டம், காசு இந்த மூன்றும் எந்தப் பிள்ளையிடமும் போக வேண்டாம்.

அப்புறம் அந்தக் கட்டி விஷயம். நீங்கள் மகளிடம் அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பது அவளை நோகடிக்கக் கூடாது என்றுதான் என்று எனக்கு விளங்குகிறது. அவளுக்கு அது விளங்கவில்லை. நீங்கள் மன்னிக்கவில்லை, அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒட்டாவா பற்றிக் கதைப்பதற்கு முன்னால் அதைக் கதையுங்கள். நீளமாக வேண்டாம், "உனக்கு அன்றைக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்" என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவள் சொல்வாள்.

திரும்பவும் தங்கச்சிக்கு. நீங்கள் போனாலும் சரி, அம்மா சொல்கிறபடி ஸ்காபரோவிலேயே படித்தாலும் சரி, இந்த வேலையைக் கைமாற்றத்தான் வேண்டும். போவதால் மட்டும் அது தீராது. நம்பரை மாற்றாமல் ஒட்டாவா போய், வகுப்பில் இருந்தபடியே மூன்று பேர் சேர்ந்த போன் அழைப்பில் அப்பாவுக்காகப் பாங்க்காரரோடு கதைக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

211 என்ற நம்பரை அம்மாவின் போனில் போட்டுக் கொடுங்கள். ஒன்ராறியோவில் எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று 24 மணி நேரமும் சொல்வார்கள், மொழிபெயர்ப்பாளர் மூலம் 150க்கு மேற்பட்ட மொழிகளில் கதைக்கலாம். நர்ஸோடு கதைக்க வேண்டும் என்றால் 811, அங்கேயும் மொழி உதவி உண்டு. ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் சில நேரம் கிடைக்காது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வரிப் படிவம் நிரப்ப இலவச முகாம்கள் வசந்த காலத்தில் பல இடங்களில் நடக்கும். ஆங்கில வகுப்புக்கு அம்மா முன்பு விசாரித்தபோது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டது லிங்க் வகுப்பாக இருக்கும், அது மத்திய அரசின் காசில் நடப்பது, குடியுரிமை எடுத்தவர்களுக்குக் கிடையாது. மாகாணக் காசில் பள்ளிக்கூடச் சபைகள் நடத்துகிற வளர்ந்தோருக்கான இ.எஸ்.எல். வகுப்புக்கு அந்தத் தடை இல்லை. அதைக் கேட்கச் சொல்லுங்கள். படிப்பை 18 வயதில் விட்ட ஒருவருக்கு அந்த வகுப்பு வெறும் ஆங்கிலமாக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன்.

காசு விஷயம். ஓசாப் என்கிற ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது வீட்டில் இருந்து படிப்பவரை விட வேறு நகரத்தில் இருந்து படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவை அதிகமாகக் கணக்கிடுவார்கள். ஆனால் அதில் கடனும் கலந்திருக்கும், எவ்வளவு கடன் என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். பல்கலைக்கழகங்கள் பதில் கேட்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில், உங்கள் கடிதத்தில் திகதி போட்டிருக்கும். கார்ல்டனில் 1945இல் இருந்து இதழியல் சொல்லித்தருகிறார்கள். அந்தப் படிப்புத்தான் வேண்டும் என்றால் அதற்காகப் போங்கள். வீட்டை விட்டு எங்காவது போனால் சரி என்பது மட்டும் காரணமாக இருந்தால் இன்னும் ஒரு கிழமை யோசியுங்கள். நான் உங்கள் கடிதத்தில் பார்த்தவரை படிப்பின் மீதுதான் ஆசை.

நித்திரை இல்லாமல் இருப்பதையும் போன் அடித்தால் வயிறு கலங்குவதையும் சும்மா விட வேண்டாம். கிட்ஸ் ஹெல்ப் போன் 1-800-668-6868, எந்த நேரமும் கதைக்கலாம், உங்கள் வயதுக்காரரும் எடுக்கலாம். செப்டெம்பரில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அங்கே மாணவர்களுக்கு ஆலோசகர் இருப்பார், முதல் மாதத்திலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள். இதைப் பலவீனம் என்று நினைக்கிற வீடு உங்கள் வீடு என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குச் சொல்லாமலும் போகலாம்.

போனால் தமிழ் போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதுவரை உங்கள் தமிழ் பெரும்பாலும் கடிதத்துக்கும் பில்லுக்கும்தான் உழைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்து, ஒரு காரியமும் இல்லாமல், பருப்பு ஏன் அடிப்பிடிக்கிறது என்று அரை மணி நேரம் கதையுங்கள். அது போகாது.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று, எனக்கு அவசரமாகப் படுவது. அப்பாவுக்கு மார்ச்சில் வந்த அந்தக் கடிதம். அது வேலையில் காயப்பட்டவர்களுக்கான மாகாணக் காப்புறுதிச் சபை, அதாவது டபிள்யூ.எஸ்.ஐ.பி., அனுப்பிய முடிவுக் கடிதமாக இருந்தால், அதை எதிர்க்க ஒரு காலக்கெடு உண்டு. வேலைக்குத் திரும்பிப் போவது பற்றிய முடிவு என்றால் 30 நாள், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம், கடைசித் திகதி கடிதத்திலேயே போட்டிருக்கும். தாண்டிவிட்டால் கூடக் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்கலாம், அதனால் பயந்து ஒளித்து வைக்க வேண்டாம். அப்பாவின் வேலையிடத்தில் தொழிற்சங்கம் இருந்தால் முதலில் அங்கே போகட்டும். இல்லாவிட்டால் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் என்று மாகாண அரசின் அலுவலகம் ஒன்று இருக்கிறது, தொழிற்சங்கம் இல்லாத காயப்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாக உதவுவார்கள். இன்றிரவு அந்தக் கடிதத்தைப் பிரித்துத் திகதியை மட்டும் பார்த்து அப்பாவிடம் சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் போன் எடுக்க வேண்டியது அவர். கேஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "தமிழ் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முதல் தடவை அவருக்குக் கை நடுங்கும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள், போனை வாங்க வேண்டாம்.